தெளிவாகத் தெரிந்த தண்ணீர்

வடகரையில் என் தங்கை கலாவின் வீட்டு அடுக்களை. மேடைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர். மலையில் நல்ல மழை என்பதால் பால் குறைவாக விட்ட டீயின் நிறத்தில் இருந்தது. இன்னொன்றில் புறவாசல் கிணற்றுத் தண்ணீர். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று விரல் விட்டுத்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு தெளிவு.

ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். கைபேசியின் டார்ச்சைப் போட்டு முதல் டம்ளரின் பக்கவாட்டில் பிடித்தேன். ஒளி உள்ளே நுழைந்து ஒரு பாதை போட்டது. அந்தப் பாதையில் மண் துகள்கள் நீந்தின. இரண்டாவது டம்ளரில் பிடித்தேன். ஒளி போன சுவடே தெரியவில்லை.

பார்வையாளர்கள் மூன்று பேர். தோளில் இரண்டு மாதக் குழந்தையோடு கலா. அவள் கணவர் முருகையா. இருபது வருடம் ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்து நெல்லும் தென்னையும் பார்க்கிறவர். மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டு சுடலை அண்ணாச்சி. ஏணி கேட்டு வந்தவர், பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்துகிறார்களே என்று உள்ளே வந்துவிட்டார்.

“மாப்ள, இங்கன பாருங்க. குழாத் தண்ணில லைட்டோட பாத தெரியுதா? மண்ணு, தூசி எல்லாம் மெதக்குது. இது பலபடித்தான கலவை. கெணத்துத் தண்ணில ஒண்ணும் தெரியல. எங்க தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கும். இது ஒருபடித்தானது.”

“அப்படின்னா என்ன மச்சான்?” என்றார் முருகையா.

“பிள்ளைக்குப் பால் கலக்க இதத்தான் எடுக்கணும்னு அர்த்தம்.”

அப்படி அர்த்தம் இல்லை. இருபத்திரண்டு வருடமாக நான் நடத்தும் பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் அப்படிப் போடவில்லை. ஆனால் அன்று அடுக்களையில் பாடப்புத்தகம் இல்லை. நான்தான் இருந்தேன்.

முருகையாவுக்கு முழு சம்மதம் இல்லை. “நாங்க குழாத் தண்ணியத்தான குடிக்கோம். தெளிய வச்சு, துணில வடிகட்டி, காய்ச்சிக் குடுத்தா போதும்லா? பட்டாளத்துல இதவிடக் கலங்கலாக் குடிச்சிருக்கேன்.”

“நீங்க பட்டாளம். அவன் ரெண்டு மாசப் பிள்ள.”

சுடலை அண்ணாச்சி இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “படிச்சவன் படிச்சவன்தான்லே,” என்றார். ஏணியை மறந்துவிட்டுப் போனார்.

கிளம்பும்போது கலாவிடம் இன்னொன்றும் சொன்னேன். “சும்மா கொதிக்க வச்சாப் பத்தாது. கஷாயம் மாதிரி பாதியாச் சுண்டுற வரைக்கும் விடு. கிருமி ஒண்ணு மிஞ்சக் கூடாது.”

அவள் தலையாட்டினாள். என் தங்கை நான் சொன்னதை அப்படியே செய்கிறவள்.

பாலில் போன ஒரு மதிப்பெண்

இந்த டார்ச் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி. பால் எவ்வகைக் கலவை? நான் ஒருபடித்தானது என்று எழுதினேன். எங்கள் வீட்டுப் பால் அப்படித்தான் இருந்தது. வெள்ளையாக, மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி. பலபடித்தானது என்பது சரியான விடை. கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிகள் அதில் மிதக்கின்றனவாம். ஒளிக்கற்றையைச் செலுத்தினால் பாதை தெரியுமாம்.

ஒரு மதிப்பெண்தான். ஆனால் அது போனதால் என் மதிப்பெண் எண்பதுகளில் நின்றுவிட்டது. எங்கள் தெருவில் தொண்ணூறு வாங்கியவன் ஒருவன் இருந்தான். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அவனுடைய தொண்ணூறு மட்டும் எங்கள் வீட்டில் ரொம்ப காலம் குடியிருந்தது.

அதற்குப் பிறகு திரவம் எதைக் கண்டாலும் அதில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பேன். ரசம், பானகம், இருமல் மருந்து எதுவும் தப்பியதில்லை. என் கல்யாணப் பந்தியில் வைத்த பாயசத்தில் மட்டும் வெளிச்சம் அடிக்காமல் விட்டேன் என்று என் மனைவி இன்றும் ஆச்சரியப்படுகிறாள்.

ஆலங்குளத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் வாத்தியாராகச் சேர்ந்த பிறகு அதுவே தொழிலாகவும் ஆகிவிட்டது. கலவைகள் பாடத்துக்கு நான் தூரத்து உதாரணம் தேடியதில்லை. கடை மிக்சர் பலபடித்தானது. கடலை அடியில் போய்விடும், முதலில் கை விட்டவனுக்கு ஓமப்பொடிதான். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர் முதுகில் எண்ணெயும் தண்ணீரும் சேராமல் உருண்டு ஓடுவதும் பலபடித்தானதே. சாரல் என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளி. அதுவும் அப்படித்தான். உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கலக்கிவிட்டால் ஒருபடித்தானது. கண்ணால் பிரிக்க முடியாது. வடிகட்டியாலும் முடியாது. தண்ணீரைச் சுண்டவைத்தால் தண்ணீர் போய்விடும், உப்பு நின்றுவிடும்.

கடைசி வாக்கியத்தை வருடம் தவறாமல் கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

ஒன்பது வருடம்

ஆலங்குளம் பஸ்ஸில் என் வேட்டி மாட்டிக் கிழிந்ததைப் பற்றி என் வாராந்திரப் பத்தியில் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர், ‘உங்கள் வாழ்க்கையில் கனமாக ஒன்றும் நடக்கவில்லையா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். வேட்டி எனக்குக் கனமான விஷயம்தான். இருந்தாலும் அவர் கேட்டது நியாயம்.

கலா என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். கல்யாணமாகி ஒன்பது வருடம் அவளுக்குக் குழந்தை இல்லை. திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் எத்தனையோ தடவை போய் வந்தாள். விசேஷ வீடுகளுக்குப் போவதை மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டாள். யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்பதால், எங்கள் வீட்டுக்கும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து போவாள்.

பிறகு இவன் பிறந்தான். பேறுகாலம் தென்காசியில் எங்கள் வீட்டில். பிரசவத்துக்குப் பிறகு கலாவுக்குக் காய்ச்சல் வந்து சில வாரம் படுத்துவிட்டாள். தாய்ப்பால் போதவில்லை. டாக்டர் சொல்லித்தான் பால் பவுடர் தொடங்கினோம். இரண்டு மாதம் முடிந்து வடகரைக்கு அனுப்பியபோது நானும் கூடப் போனேன். தாய்மாமன் என்ற முறையில் எதையாவது கவனித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. தண்ணீரைக் கவனித்தேன்.

உதட்டில் நீலம்

இரண்டு வாரம் கழித்து, நான் பள்ளியில் இருக்கும்போது கைபேசிக்கு ஒரு படம் வந்தது. குழந்தையின் முகம். கீழே கலா எழுதியிருந்தாள். ‘அண்ணே, உதடு ஒரு மாதிரி கருப்பாத் தெரியுது.’

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘ஜன்னல் பக்கம் நின்று எடுத்திருக்கிறாய். வெளிச்சம் சரியில்லை,’ என்று பதில் போட்டேன்.

மறுநாள் காலை முருகையா போனில் வந்தார். “மச்சான், வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. பிள்ளைக்கு நகமெல்லாம் நீலமா இருக்கு. தென்காசிக்குக் கொண்டு வாரோம்.”

பள்ளிக்குப் போகத் தென்காசி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த நான் அங்கேயே அவர்கள் காருக்காகக் காத்திருந்து ஏறிக்கொண்டேன். சீசன் நேரம். குற்றாலம் போகிற வேன்களும் பஸ்களும் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. எங்களுக்கு முன்னால் ஒரு வேன். பின் ஜன்னலில் ஈரத் துண்டுகள் காய்ந்தன. தலை நிறைய எண்ணெயோடு ஒருவர் கலா மடியில் இருந்த குழந்தையைப் பார்த்து முகத்தைக் கோணலாக்கி விளையாட்டுக் காட்டினார். கலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அழவில்லை. இரண்டரை மாதக் குழந்தை இவ்வளவு நேரம் அழாமல் இருக்கிறதே என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் விரலில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு காட்டும் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். எண்பத்தைந்து என்று காட்டியது. மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அப்போதும் எண்பத்தைந்து. இன்னும் கூட்டினார்கள். எண்பத்தைந்து. இதயத்தில் ஓட்டை இருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் குழந்தை இப்போது சாம்பல் நிறத்தில் இருந்தான்.

கலா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். “அண்ணே, நான் என்ன தப்புப் பண்ணேன்?” என்றாள்.

“ஒண்ணும் இல்ல,” என்றேன். அது மட்டும் அன்று நான் சரியாகச் சொன்னது.

ஏது வெள்ளம்?

குழந்தைகள் டாக்டரம்மா புனலூர்க்காரர். தென்காசிக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. நம்மைப் போலவே தமிழ் பேசுவார். யோசனையில் இருக்கும்போது மட்டும் மலையாளம் எட்டிப்பார்க்கும்.

சோதனைக்கு ரத்தம் எடுத்தபோது அவர் ஊசிக்குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முருகையாவைக் கூப்பிட்டு அவர் விரலிலும் ஒரு துளி எடுத்தார். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு துளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லேசாக விசிறினார். அப்பாவின் ரத்தம் சிவப்பு. மகனுடையது சாக்லேட் நிறம். காற்று பட்டும் அது சிவக்கவில்லை.

“பால்பொடி கலக்க ஏது வெள்ளம்?” என்று கேட்டார்.

முருகையா யோசித்தார். “இந்த வருசம் வெள்ளம் ஒண்ணும் வரலையே டாக்டர். சாரல்தான்.”

“தண்ணீர். எந்தத் தண்ணீர்?”

“கெணத்துத் தண்ணி,” என்றாள் கலா. “நல்ல தெளிவாத்தான் இருக்கும். காய்ச்சித்தான் குடுக்கேன்.”

“கிணறு எங்கே இருக்கு?”

“புறவாசல்ல. பக்கத்துல வயலு. இந்தப் பக்கம் மாட்டுத் தொழு, உரக்குழி.”

“எவ்வளவு நேரம் காய்ச்சுவீங்க?”

“பாதியாச் சுண்டுற வரைக்கும்.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். “பாதியா? யாரு சொன்னாங்க?”

“எங்க அண்ணன்.”

“அண்ணன் எங்கே?”

“இவங்கதான். கெமிஸ்ட்ரி வாத்தியார்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சீட்டில் ஏதோ எழுதினார். அந்த எழுத்து முடிகிற வரைக்கும் நான் தரையில் உள்ள ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். வயலில் போடுகிற யூரியாவும் உரக்குழியின் சாறும் மண்ணில் இறங்கி நைட்ரேட்டாகிக் கிணற்றில் சேர்ந்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு அது உடனே எதுவும் செய்யாது. பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் அது ஆக்ஸிஜனைச் சுமக்கிற வேலையைக் கெடுத்துவிடும். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. சுண்டக் காய்ச்சினால் இருப்பது இரட்டிப்பாகும்.

தண்ணீர் போய்விடும், உப்பு நின்றுவிடும். அடிக்கோட்டோடு எனக்கு ஞாபகம் வந்தது.

மாற்று மருந்தின் பெயர் மெத்திலீன் புளூ. அந்த ஆஸ்பத்திரியில் அது இருப்பில் இல்லை.

“எங்க ஸ்கூல் லேப்ல ஒரு பாட்டில் இருக்கு டாக்டர்,” என்றேன்.

“அது வேண்டாம்,” என்றார்.

ஊரில் இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். நான் யாரோ ஒருவருடைய பைக்கை வாங்கிக்கொண்டு போனேன். அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாவியைக் கேட்டேன், கொடுத்தார். போகும் வழியெல்லாம் அருவியில் குளித்துவிட்டு வந்த கூட்டம் பஜாரில் நின்று சிப்ஸ் வாங்கிக்கொண்டிருந்தது. நான் ஹாரன் அடித்ததற்கு ஒருவர் திரும்பி, “என்ன அவசரம், அருவி எங்கயும் போயிராது,” என்றார்.

கருநீல மருந்தை மெதுவாக ஏற்றினார்கள். நீலமாகிப்போன குழந்தைக்கு நீல மருந்து. கலா குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரைமணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கிளிப்பில் எண்பத்தெட்டு. தொண்ணூறு. தொண்ணூற்று மூன்று. என் வாழ்க்கையில் தொண்ணூறைத் தாண்டிய எண்ணுக்காக அழுதது அன்று ஒரு தடவைதான்.

குழந்தையின் உதடு கத்தரிப்பூ நிறத்திலிருந்து மெல்ல ரோஸுக்கு வந்தது. பிறகு அவன் அழுதான். நர்ஸ் சமாதானப்படுத்தப் போனார். “அழட்டும், விடுங்க,” என்றாள் கலா.

மறுநாள் முருகையா ஒரு துணியை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். குழந்தை ஒன்றுக்குப் போன துணி. பச்சையும் நீலமுமாக இருந்தது. மருந்தினால் அப்படித்தான் போகும், பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா முந்தின நாளே சொல்லியிருந்தார். வீட்டாரிடம் சொல்லச் சொல்லி என்னிடம்தான் சொல்லியிருந்தார். நான் மறந்துவிட்டேன்.

“மச்சான், இது எந்தக் கலவை?” என்றார்.

அவர் சிரிக்கவில்லை. கோபமா என்றும் தெரியவில்லை. நான் விளக்கம் சொன்னேன். அவர் துணியை மறுபடி மடித்தார்.

“அந்த வயலுக்கு நான் வேணும்ங்கிறதவிட ரெண்டு மடங்கு யூரியா போட்டிருக்கேன்,” என்றார். “உரக்குழியக் கெணத்துப் பக்கத்துல வெட்டுனதும் நான்தான்.”

“காய்ச்சச் சொன்னது நான்.”

“கெணத்த நாசம் பண்ணுனது நான்லா.”

இப்படியே கொஞ்ச நேரம் விட்டுக்கொடுக்காமல் நின்றோம். கலா உள்ளேயிருந்து, “ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசுங்க. பிள்ள தூங்குதான்,” என்றாள். போனோம். வெளியே போனபின் பேச ஒன்றும் இல்லை. டீ குடித்தோம்.

பழுப்பு வளையம்

டாக்டரம்மா சொல்லித் தண்ணீர் மாதிரியை ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். முடிவு வரும்வரை என்னால் இருக்க முடியவில்லை. கிணற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டிலும் குழாய்த் தண்ணீரில் ஒரு பாட்டிலும் எடுத்துக்கொண்டு ஆலங்குளம் பஸ் ஏறினேன்.

நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையச் சோதனை என்று ஒன்று உண்டு. பிளஸ் டூ படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நான் செய்து காட்டியிருக்கிறேன். ஆனால் அதில் நைட்ரேட் இருக்கிறது என்று தெரிந்துதான் எப்போதும் செய்வேன். பாட்டிலில் பெயர் ஒட்டியிருக்கும்.

தண்ணீரை முகவையில் ஊற்றிச் சுண்டவைத்தேன். கலா அடுப்பில் செய்ததைத்தான் நானும் செய்தேன். சோதனைக்குழாயில் விட்டு, இரும்புச் சல்பேட் கரைசல் சேர்த்து, குழாயைச் சாய்த்து அமிலத்தை ஓரமாக வழியவிட்டேன். இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று கூடி வந்தது. மோதிரம் போல முழு வட்டமானது.

குழாய்த் தண்ணீரையும் வடிகட்டிச் சுண்டவைத்து அதேபோல் செய்தேன். வளையம் வரவில்லை. நான் தள்ளிவைத்த கலங்கல் தண்ணீரில் துணியில் நிற்கிற மண்ணும், கொதித்தால் சாகிற கிருமியும்தான் இருந்தன. எல்லாம் கையாளத் தெரிந்த குற்றங்கள்.

ஒருபடித்தானது என்றால் ஒரே பொருள் என்று அர்த்தம் இல்லை. அதுவும் கலவைதான். கலந்திருப்பது தெரியாத கலவை. இதை நான் வருடாவருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதிக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து வந்த முடிவும் அதையேதான் சொன்னது. அனுமதிக்கப்பட்ட அளவைப் போலப் பல மடங்கு.

வாக்குமூலம்

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை வடகரை வீட்டுக்கு வந்த அன்று, கலா தொட்டிலைக் கட்டிக்கொண்டே சொன்னாள். “அண்ணே, சுடலை அண்ணாச்சி வீட்டுலயும் இப்ப நம்ம கெணத்துலதான் எடுக்காங்க. நீ லைட் அடிச்சுக் காட்டுன அன்னைக்கே மாத்திட்டாங்க.”

சுடலை அண்ணாச்சியின் மருமகள் இசக்கிக்கு அடுத்த மாதம் பேறுகாலம்.

உடனே போனேன். அண்ணாச்சி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறான் என்றேன். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வயல், உரக்குழி, நைட்ரேட், ரத்தம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“வாத்தியாரே, போன மாசம் நீதான லைட் அடிச்சு நல்ல தண்ணின்ன?”

“ஆமா அண்ணாச்சி.”

“இப்ப ஆகாதுங்கியா?”

“ஆகாது. பிறக்கப்போற பிள்ளைக்கு நிச்சயமா ஆகாது. இசக்கியும் இதக் குடிக்க வேண்டாம்.”

“இப்பவும் தெளிவாத்தானய்யா இருக்கு.”

“தெளிவாத்தான் இருக்கும். அன்னைக்கு நான் சொன்னது தப்பு.”

அண்ணாச்சி என்னை நெடுநேரம் பார்த்தார். “அன்னைக்கும் இதே மொகத்தோடதான் சொன்ன,” என்றார். “எத நம்ப?”

சட்டைப்பையில் கைபேசி இருந்தது. அதில் டார்ச் இருந்தது. இந்தத் தண்ணீரில் காட்ட அதனிடம் ஒன்றும் இல்லை.

“அண்ணாச்சி, தப்புன்னு சொல்லிட்டு உங்க வாசல்ல வந்து நிக்கதுல எனக்கு என்ன லாபம்?” என்றேன். “எனக்கே வெக்கமாத்தான் இருக்கு.”

உள்ளிருந்து இசக்கி வந்தாள். நிறைமாத வயிற்றோடு கதவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. யாரிடமும் எதுவும் கேட்காமல் அடுக்களைக்குத் திரும்பினாள். ஒரு குடத்தை இடுப்புக்குக் கொண்டுவர முடியாமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

“எங்க ஊத்த?” என்றேன்.

வாசல் ஓரம் நின்ற தென்னங்கன்றைக் காட்டினாள். பிறகு சந்தேகம் வந்து, “அண்ணே, தென்னைக்கு ஊத்தலாம்லா? ஒண்ணும் செய்யாதுல்லா?” என்றாள்.

“ஊத்தலாம்மா,” என்றேன். “தென்னைக்கு ரொம்ப நல்லது.”